முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் 'ஓய்வெடுங்கள்' என்ற ஒரு சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் முதுகுவலி பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். வலி ஏன் வருகிறது, எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும், யாருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும் என்பனவற்றை எளிமையாக விளக்கிய அக்கட்டுரை, அறுவைச் சிகிச்சைக்குப் பின் போதிய ஓய்வும் மருத்துவர் ஆலோசனைப்படி உடற்பயிற்சியும் தேவை என்ற ஒரே வரியோடு முடிந்துவிட்டது. அந்த ஒரு வரியைக் கடக்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஆகையால் அதைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத இடமளிக்க வேண்டுகிறேன்.

நான் திருச்சிராப்பள்ளியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிப்பவள். இருபது ஆண்டுகளாக விடியற்காலையில் இறகுப்பந்து ஆடி வந்தவள் என்பதால், உடம்பைப் பேணத் தெரியும் என்ற சிறு கர்வமும் எனக்கு இருந்தது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இடது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியாகப் பெருவிரல் வரை நரம்பைப் பிடித்து இழுப்பது போன்ற வலி தொடங்கியது. மாத்திரை, ஒத்தடம், எண்ணெய், இடுப்பு பெல்ட் என்று மூன்று மாதங்கள் ஓடின. ஒருநாள் வகுப்பறையில் நடந்துகொண்டிருந்தபோது இடது காலில் செருப்பு நில்லாமல் கழன்றுவிட, மாணவி ஒருத்தி எடுத்து வந்து தந்தாள். இரண்டாம் முறையும் அவளே எடுத்து வந்து தந்தபோதுதான், பெருவிரலை மேலே தூக்கும் வலு எனக்குக் குறைந்திருப்பதையே உணர்ந்தேன். நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி, ஐந்தாவது இடுப்பு நரம்பின் வேரை நசுக்குவதாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டியது. ஊர்ப் பேச்சில் சொன்னால் ஜவ்வு விலகியிருந்தது. கோடை விடுமுறையில், மே மாதத்தில், தனியார் மருத்துவமனை ஒன்றில் நுண்ணோக்கியின் துணையோடு அறுவைச் சிகிச்சை நடந்தது.

அந்த அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மயக்கம் தெளிந்த அன்று மாலையே என்னை எழுப்பி நடக்க வைத்தார்கள். மூன்று மாதம் என்னைத் தூங்கவிடாத கால்வலி மறுநாள் காலையில் இருந்த இடம் தெரியவில்லை. குறையெல்லாம் மூன்றாம் நாள் கையில் கொடுத்தனுப்பிய தாளில்தான். மாத்திரைகளின் பெயர், அவற்றை உண்ண வேண்டிய வேளை, தையல் பிரிக்கும் தேதி, கட்டண விவரம் என இரண்டு பக்கங்கள் நிறைந்திருந்த அத்தாளில் உடலசைவைப் பற்றி இருந்தது ஆங்கிலத்தில் ஒற்றை வரி: குனியக் கூடாது, தூக்கக் கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது, ஓய்வெடுக்க வேண்டும். எத்தனை நாளுக்கு என்றோ, எவ்வளவு எடைக்கு மேல் தூக்கக் கூடாது என்றோ அதில் இல்லை. செவிலியரைக் கேட்டேன், "ஆறு வாரம் கழிச்சு வாங்கம்மா, டாக்டர் சொல்வார்" என்றார். விடைத்தாளில் அலகு எழுதாமல் விட்டதற்கே மதிப்பெண் குறைப்பவள் நான். அந்தத் தாளுக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று அப்போதே தோன்றியது.

எழுதப்படாத இடத்தையெல்லாம் உற்றார் உறவினர் நிரப்பினார்கள். மாமியார் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. நாத்தனார் தமக்குத் தெரிந்த ஒருவர் மூன்றாம் வாரமே ஸ்கூட்டர் ஓட்டிப் போய் மறுபடி படுத்துவிட்ட கதையை வந்தபோதெல்லாம் சொன்னார். சூடு கண்ட பூனை போல நானும் அஞ்சிக் கிடந்தேன். தும்மல் வந்தால்கூடத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அது நல்ல பழக்கம்தான் என்று பின்னர் அறிந்தேன், ஆனால் கழிப்பறைக்குப் போவதைத் தவிர நடையே இல்லாமல் ஆறு வாரம் படுத்திருந்தது நல்ல பழக்கமில்லை. ஆறாம் வார இறுதியில் மாடிப்படியில் ஏறினால் தொடை நடுங்கியது. இடது தொடை வலது தொடையைவிடச் சிறுத்திருந்தது, புடவைக் கொசுவத்தைச் செருகும்போதே கைக்குத் தெரிந்தது. பள்ளி திறந்தும் இரண்டு வாரம் கூடுதலாக மருத்துவ விடுப்பு எடுக்க நேர்ந்தது. வலிக்காக எடுத்த விடுப்பாக அது இருந்திருந்தால் வருந்தியிருக்க மாட்டேன். படுத்தே கிடந்ததால் வந்த பலவீனத்துக்காக எடுத்த விடுப்பு அது.

இவ்வளவு அச்சம் தேவைதானா என்ற கேள்வி மருத்துவ உலகில் புதிதல்ல என்பதைப் பின்னாளில் தேடிப் படித்து அறிந்தேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் கரேகீயும் அவருடைய குழுவினரும், இத்தகைய தட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 152 பேருக்கு எந்தக் கட்டுப்பாடும் விதிக்காமல், முடிந்தவரை விரைவில் வழக்கமான வாழ்வுக்குத் திரும்பும்படி ஊக்கப்படுத்தி, அதன் விளைவை 1999இல் வெளியிட்டனர். பெரும்பாலானோர் விரைவாகவே வேலைக்குத் திரும்பினார்கள். அதனால் தீங்கு பெருகியதாகத் தெரியவில்லை. தட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சிகளைப் பற்றிய 22 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 2,503 பேரின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கும் பன்னாட்டு அமைப்பான காக்ரேனின் 2014ஆம் ஆண்டு மதிப்பீடு, அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு முதல் ஆறு வாரங்களில் முறையான உடற்பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களைவிட வலியும் இயலாமையும் விரைவாகக் குறைகின்றன என்றும், பயிற்சியால் மறு அறுவைச் சிகிச்சை கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றும் கூறுகிறது. இந்த ஆய்வுகளின் தரம் உயர்ந்ததன்று என்பதையும் அதே மதிப்பீடு மறைக்காமல் சொல்கிறது. ஆகவே இதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் மருத்துவரோடு வாதாட வேண்டியதில்லை. ஆனால் படுக்கையே மருந்து என்பதற்கு இதைவிட வலுவான சான்று எதுவும் என் கண்ணில் படவில்லை.

அதற்காக மறுநாளே எல்லாவற்றையும் செய்யலாம் என்பதும் ஆகாது. நுண்ணோக்கி அறுவைச் சிகிச்சையில் தட்டு முழுவதையும் எடுத்துவிடுவதில்லை. பிதுங்கி வந்து நரம்பை அழுத்தும் துண்டை மட்டுமே நீக்குகிறார்கள். துண்டு வெளியேறிய வாசல் தட்டின் வெளிச் சுவரில் அப்படியே இருக்கிறது, அதன் மீது தழும்புத் திசு படிந்து உறுதியாவதற்கு நாள் பிடிக்கும். அதுவரை அந்தச் சுவரை உள்ளிருந்து தள்ளும் வேலைகளில்தான் எச்சரிக்கை தேவை. அந்த வேலைகள் எவை என்பதுதான் நம் வீடுகளில் யாருக்கும் சரியாகச் சொல்லப்படுவதில்லை.

எனக்கு எண்கள் இருந்தால்தான் மனம் அடங்கும். ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் தட்டுக்குள் மெல்லிய அழுத்தமானியைச் செலுத்தி, அவர் படுக்கும்போதும் நிற்கும்போதும் எடை தூக்கும்போதும் உள்ளே உண்டாகும் அழுத்தத்தை அளந்து 1999இல் வெளியிட்டிருக்கிறார்கள். என் முதுகில் கெட்டுப்போன அதே நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட தட்டுதான் அவர்கள் அளந்ததும். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). 20 கிலோ எடையை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கும்போது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கும்போது 1.7, அதே எடையை உடம்போடு அணைத்துப் பிடித்திருக்கும்போது 1.1. அளக்கப்பட்டவர் ஒரே ஒருவர்தான் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் என் நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கும் தண்ணீர் கேன். அது 20 லிட்டர், அதாவது ஏறத்தாழ அதே 20 கிலோ. நாம் அதைத் தூக்கும் விதமும், கழுத்தைப் பிடித்துக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, ஸ்டாண்டின் மேல் கவிழ்க்கும் விதம். குனிதல், தூக்குதல், திருகுதல் மூன்றும் ஒரே அசைவில் கூடிவருகின்றன.

எடைக்கு அந்தத் தாளில் எண் எழுதியிருந்தால்கூடக் கிலோ கணக்கு நம் பெண்களுக்கு உதவாது. எனக்கு இரண்டு கிலோ என்றால் துவரம்பருப்புப் பொட்டலங்கள் இரண்டு என்று தெரியும். மாவரைத்த கிரைண்டர் பாத்திரம் எத்தனை கிலோ என்று தெரியாது. ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோவை நெருங்கும். சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோ, உருளையின் இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். அடுப்புக்குக் கீழே அதை உருட்டி நுழைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. ஈரத்துணி நிறைந்த வாளியை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போவதை எந்த மருத்துவரும் என்னிடம் கேட்டதில்லை. ஆண்களிடம் 'எப்போது வேலைக்குப் போகிறீர்கள்' என்று கேட்கும் மருத்துவர்கள், எங்களிடம் 'வீட்டில்தானே இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள்' என்று சொல்வதைக் காத்திருப்போர் அறையில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த வீட்டில் அவர்கள் செய்யும் வேலையின் எடையைக் கூட்டிப் பார்த்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கோலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரவு முழுதும் படுத்திருக்கும்போது தட்டு நீரை உறிஞ்சி உப்புகிறது. மேலே சொன்ன உல்ம் ஆய்விலேயே, படுத்திருந்த ஏழு மணி நேரத்தில் தட்டின் அழுத்தம் 0.1 மெகாபாஸ்கலிலிருந்து 0.24 ஆக உயர்ந்தது. எழுந்தவுடன் முதுகு விறைப்பாக இருப்பதும், குனிந்தால் இழுப்பதும் இதனால்தான். 1998இல் அமெரிக்காவில் ஸ்னூக் என்பவரும் அவருடைய குழுவினரும், நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களை விடியற்காலையில் குனிவதைத் தவிர்க்கச் சொல்லிப் பார்த்ததில் வலி குறைந்ததாகக் கண்டார்கள். அந்த நோயாளிகள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அல்லர். இருப்பினும் காரணம் நமக்கும் பொருந்தும் என்றே பின்னர் எனக்குப் பயிற்சி தந்த இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொன்னார். நம் வீட்டுப் பெண்களோ எழுந்து கால் மணி நேரத்துக்குள், முழங்கால் மடங்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, வாசலைப் பெருக்கி, சாணம் தெளித்து, இருபது புள்ளிக் கோலம் போட்டு முடித்துவிடுகிறோம். கோலத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதை விட்டால் எனக்கு விடிந்ததாகவே தோன்றாது. ஒரு மணி நேரம் தள்ளி, கொஞ்சம் நடந்துவிட்டு, தாழ்வான முக்காலியில் அமர்ந்து சிறிய கோலமாகப் போடுகிறேன். மார்கழியில் மட்டும் மகளின் கைக்கு மாற்றிவிட்டேன். இதைச் சொல்லித்தர ஒரு மருத்துவர் இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும்.

இனி நான் செய்த இரண்டாவது தவறு. ஆறு வாரம் படுத்திருந்ததற்குப் பரிகாரம் தேடுவது போல, நான்காம் மாதம் நேராக இறகுப்பந்துத் திடலுக்குப் போனேன். மறுபரிசோதனையில் மருத்துவர் "இனி எல்லாம் செய்யலாம்" என்று சொல்லியிருந்தார். 'எல்லாம்' என்ற அந்தச் சொல்லில் அவர் என்ன நினைத்தாரோ, நான் ஒற்றையர் ஆட்டத்தை நினைத்தேன். அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. வலைக்கு அருகே விழுந்த பந்தை எட்டி எடுக்க வலது காலை முன்வைத்து இடுப்பைத் திருகிக் குனிந்தபோது, பழைய வலி அதே பாதையில் மின்னலாக இறங்கியது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். தட்டு மீண்டும் பிதுங்கவில்லை, நரம்பைச் சுற்றி எரிச்சல் மட்டுமே என்றார்கள். நான்கு மாதத்தில் காயம் ஆறியிருந்தது, ஆட்டத்தைத் தாங்க வேண்டிய தசைகளுக்கோ நான் ஒருநாளும் வேலை கொடுத்திருக்கவில்லை. முதுகெலும்பை ஒட்டி முள்ளெலும்புக்கு முள்ளெலும்பு தாவிச் செல்லும் மல்டிஃபிடஸ் என்ற ஆழ்தசை, வலி போய்விட்டதனாலேயே தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை என்று ஆஸ்திரேலியாவின் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் 1996லேயே காட்டியிருக்கிறார்கள். வலியின்மையைத் தகுதி என்று எண்ணியது என் பிழை.

அதன் பிறகுதான் அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் மருத்துவரிடம் சென்றேன். அதற்கு முன் போன தனியார் நிலையம் ஒன்றில் பத்து நாள் இடுப்பில் கரண்ட் வைத்து, சூடு காட்டி அனுப்பினார்கள், இதமாக இருந்தது, வலு ஏறவில்லை. இந்த அம்மையார் என்னை முதலில் குதிகாலால் நடக்கச் சொன்னார், பிறகு முன்பாத நுனியால். இரண்டுக்கும் வேறு வேறு நரம்பு வேர்கள் பொறுப்பு என்று விளக்கி, இடது பெருவிரலை அவர் கை அழுத்தத்துக்கு எதிராகத் தூக்கச் சொல்லி, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டை நானே வைத்திருக்க வேண்டும் என்றார். முதல் இரண்டு வாரங்கள் நடை மட்டும்: சமதரையில், காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டிரண்டு நிமிடம் கூட்டல். நடக்க நடக்கக் கால்வலி பாதத்திலிருந்து மேலேறி இடுப்புக்குச் சுருங்கினால் நல்ல அறிகுறி, இடுப்பிலிருந்து இறங்கிப் பாதத்துக்குப் போனால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் சொன்ன விதிகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது. பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அதே அளவைத் தொடரலாம், அடங்காவிட்டால் முந்தைய அளவுக்கு இறங்க வேண்டும் என்பது இன்னொன்று.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக்கொண்டு வலக்கையும் இடக்காலும் நீட்டி, இடுப்பின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தாத அளவுக்கு அசையாமல் பத்து விநாடி நிற்பது. ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரவலாக்கிய பயிற்சிகளை ஒட்டியவை இவை என்று அறிகிறேன். மல்லாந்து படுத்து முழு உடம்பையும் எழுப்பி உட்காரும் பழைய பள்ளிக்கூடத்துப் பயிற்சியை இந்த அம்மையார் அடியோடு விலக்கினார், அது தட்டின் மீது தேவையற்ற அழுத்தம் தரும் என்பது காரணம். யோகாசனம் பற்றிக் கேட்டேன். புஜங்காசனத்தை மெல்லத் தொடங்கலாம், உட்கார்ந்து கால் விரலைத் தொடும் பச்சிமோத்தாசனத்தையும் ஹலாசனத்தையும் மறந்துவிடுங்கள் என்றார். பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடலாமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, பாதி வரைக்கும் உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை என்றார். அப்படியே இன்றுவரை செய்கிறேன். நமஸ்காரம் மட்டும் நின்றபடிதான். ஏழாம் மாதம் கயிறு போன்ற ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி, எட்டாம் மாதம் மட்டையோடு திடலில் நின்று அடிப்பது மட்டும், பத்தாம் மாதம் இரட்டையர் ஆட்டம் பதினைந்து நிமிடம். ஒற்றையர் ஆட்டத்துக்கு நான் இன்னும் போகவில்லை, போகும் எண்ணமும் இப்போது இல்லை.

இந்த ஓராண்டில் என் காதில் அதிகம் விழுந்த பெயர் பும்ரா. என் அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு மாதம் முன்பு, 2023 மார்ச்சில், ஜஸ்பிரீத் பும்ராவுக்கு நியூசிலாந்தில் முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆகஸ்ட் 18 அன்று டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக அணித்தலைவராக இறங்கி, முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் எடுத்தார். "அவரே அஞ்சு மாசத்துல பந்து போட்டுட்டார், உங்களுக்கு என்ன டீச்சர்" என்று உடன் பணியாற்றுபவர்கள் கேட்பார்கள். அவருக்கு வந்தது எலும்பில் ஏற்பட்ட அழுத்த முறிவுக் கோளாறு, எனக்கு நேர்ந்தது தட்டுப் பிதுக்கம். இரண்டையும் ஒப்பிடக் கூடாது. எனினும் அந்தச் செய்தியில் யாரும் கவனிக்காத ஒரு வரி உண்டு: அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு வாரத்தில் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டு, ஏப்ரல் மாதமே அவர் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாதெமியில் அதைத் தொடங்கிவிட்டதாகக் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. ஆறாம் வாரத்தில் அவருக்கு ஒரு பயிற்சிக்கூடமும் வல்லுநர்களும் கிடைத்தார்கள். ஆறாம் வாரத்தில் எனக்குக் கிடைத்தது மருத்துவரின் மூன்று நிமிடம். மறுபுறம், கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 2014இல் முதல் தட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்று மாதத்துக்குள் போட்டிக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே மேலும் இரண்டு, 2017இல் எலும்பு இணைப்பு என்று நான்கு முறை அறுவை மேசையில் படுத்தார். 2019இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றது அதற்கெல்லாம் பிறகு. விரைந்து திரும்பியதால்தான் அப்படி ஆயிற்று என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பிறருடைய நாட்காட்டியைப் பார்த்து நம் முதுகுக்கு நாள் குறிக்கக் கூடாது.

எல்லா முதுகு அறுவைச் சிகிச்சைக்கும் என் அட்டவணை பொருந்தாது என்பதையும் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். திருகாணி வைத்து முள்ளெலும்புகளை இணைத்தவர்களுக்கு எலும்பு ஒன்றோடொன்று கூடவே பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை ஆகும்; புகைப்பவர்களுக்கு அது இன்னும் தாமதப்படும். அவர்கள் எடை தூக்குவதை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லும் வரை நினைக்கவே கூடாது. யாராக இருந்தாலும், தொடை இடுக்கிலும் ஆசனவாய்ச் சுற்றிலும் மரத்துப்போவது, சிறுநீர் இறங்காமல் நிற்பது அல்லது அடக்க முடியாமல் போவது, பாதம் திடீரென்று தொங்குவது, காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியையும் இக்கடிதத்தையும் ஓரம் வைத்துவிட்டு, அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதுவும் என் தாளில் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆகையால் நான் வேண்டுவது பெரிய திட்டம் ஒன்றையும் அல்ல. முதுகு அறுவைச் சிகிச்சை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரு பக்கத்தைச் சேர்த்துத் தரட்டும். எந்த வாரத்தில் எவ்வளவு நடை, எந்த வாரத்தில் எந்தப் பயிற்சி, எப்போது தரையில் உட்காரலாம், இந்திய முறைக் கழிப்பறையை எப்போது பயன்படுத்தலாம், நகரப் பேருந்தின் கடைசி இருக்கையை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும், குடம் எப்போது, சிலிண்டர் எப்போது என்று அதில் இருக்கட்டும். நோயாளிக்கு நோயாளி மாறும் இடங்களைக் கோடிட்டு விட்டு, மருத்துவர் தம் கையால் நிரப்பட்டும். நான்காம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில் இயன்முறை மருத்துவரைப் பார்ப்பதை அறுவைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதி, அதே கட்டணத்திலும் அதே காப்பீட்டிலும் சேர்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் நான் விண்ணப்பித்தபோது, வெளிநோயாளியாகப் பெற்ற பயிற்சிக்குப் பணம் தர இயலாது என்று பதில் வந்தது. கத்திக்குக் கொடுத்ததில் நூறில் ஒரு பங்குகூட வராத தொகை அது.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சைக்கு இடமிருக்கிறது. அரசு மருத்துவமனையில் முதுகு அறுவைச் சிகிச்சை முடிந்து கிராமத்துக்குத் திரும்புவோரின் விவரம் அந்தந்த வட்டாரத்து இயன்முறை மருத்துவருக்குத் தானாகவே போய்ச் சேரும்படி செய்தால், பேருந்தில் இரண்டு மணி நேரம் குலுங்கிக்கொண்டு நகரத்துக்கு வந்து பயிற்சி பெற வேண்டிய முரண்பாடு தீரும். 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் அறிவிக்கப்பட்டன. எட்டு கிலோமீட்டர் நடப்பவர்களுக்கு அது நல்லது. எட்டு நிமிடம் மட்டுமே நடக்க முடிந்தவர்களுக்காகச் சிறு தொலைவுக்கு ஒரு சாய்விருக்கையும், தூர அடையாளக் கல்லும் வைத்தால், எங்களைப் போன்றவர்களும் அங்கே வரத் துணிவோம். உடற்பயிற்சிக் கூடங்களை நடத்துவோரிடமும் ஒரு விண்ணப்பம்: சேர்க்கைப் படிவத்தில் முதுகு அறுவைச் சிகிச்சை நடந்ததா என்று ஒரு கேள்வி இருக்கட்டும். ஆமென்று எழுதியவரிடம் முதல் நாளே எடை தூக்கும் கம்பியைக் கொடுக்காதீர்கள்.

சென்ற மாதம் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது, என் இயன்முறை மருத்துவரின் குறிப்புகளையும் என் தவறுகளையும் சேர்த்து நானே தமிழில் எழுதிய இரண்டு பக்கத் தாளை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு நான் குறித்திருந்த காலத்தை இரண்டு வாரம் நீட்டித் திருத்தினார். தோப்புக்கரணத்தைப் பற்றிய வரிக்குப் பக்கத்தில் 'முழங்கால் தேய்மானம் இல்லாதவர்களுக்கு மட்டும்' என்று சேர்த்தார். பிறகு வெளியே இருந்த செவிலியரை அழைத்து, அதில் ஐம்பது நகல் எடுக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)